சுவரில் கிறுக்கச் சொன்னவள்

அவளுக்கு வெள்ளைச் சுவரைக் கண்டாலே ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பாள். ஆணியும் ஈரக்கறையும் பிள்ளைகள் இழுத்த கிரேயான் கோடுமாகக் கிடந்தால் முகம் மலர்ந்துவிடும். "அருமையான சுவருங்க!" என்பாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து அந்த வீட்டுக்காரர்கள் அடுத்த மாதமே பெயிண்ட் அடித்துவிடுவார்கள்.

எல்லாம் வேலை படுத்தும் பாடு. ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒன்பது வருடமாக அவள் ஒரு கண்ணாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மூக்கில் மாட்டினால் எதிரே இருக்கும் அறை அப்படியே தெரியும். கூடவே, கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் அதன்மேல் தெரியும். அவள் காட்ட நினைத்தது சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்களை. பூச்சு பூசும் முன்பே குழாய்களைப் படமெடுத்து வைத்துக்கொள்வாள். பூசி முடித்த பிறகு கண்ணாடி போட்டுப் பார்த்தால், குழாய் போகும் தடம் சுவரின்மேல் நீலக் கோடாக விழும். துளை போடுகிறவர் குழாயைப் பொத்துவிடாமல் தப்பிக்கலாம்.

கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. கோடு ஓரிடத்தில் நிற்க வேண்டாமா? கண்ணாடியில் இருக்கும் குட்டிக் கேமராக்கள் சுவரின் கறையையும் கீறலையும் பிடித்துக்கொண்டுதான் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். சுவர் வழுவழுவென்று இருந்தால் பிடிமானம் இல்லை. தலையைத் திருப்பினால் கோடும் மெல்ல நகரும். "கோடு நடக்குது" என்பார்கள் நிலையத்தில்.

வீட்டிலும் இதே கூத்துதான். சோதனைக்காக, கண்ணாடி போட்டால் மட்டும் ஹாலில் தெரிகிற மாதிரி, நிஜத்தில் இல்லாத ஒரு மேசையை நிறுத்திவைத்திருந்தாள். ஒருநாள் மறதியாக அதன்மேல் காபிக் கோப்பையை வைத்துவிட்டாள். கோப்பை சுக்குநூறானது.

"மேசை எங்கடி?" என்றான் கணவன்.

"இப்ப இங்கதானே இருந்துச்சு!"

கணவன் மருந்துக்கடைக்காரன். மாத்திரைப் பெட்டிகளை எழுத்து வரிசைப்படி அடுக்குகிற ஆள். ஹாலில் ஒரு பழைய பேப்பரைக்கூட நகர்த்தக் கூடாது என்று அவனுக்குத் தடை. "எல்லா வீட்லயும் குப்பையை எடுன்னு சண்டை வரும். எனக்கு வாய்ச்சவ எடுக்காதேன்னு சண்டை போடுறா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவான். ஆனாலும் எடுக்கமாட்டான்.

கடைசியில் அந்த நாள் வந்தது. நிலையத்தின் புதுக் கட்டடத்தில் ஒரு கழுவறை. அதன் சுவரில் கைப்பிடிக் கம்பி மாட்ட நான்கு துளைகள். நிஜமான சுவர், நிஜமான பிளம்பர். மூன்று நிபுணர்கள் பத்தரை மணிக்கு வந்து பார்ப்பார்கள். நான்கு துளையும் சரியாக விழுந்தால் வேலை தொடரும். ஒன்று குழாயில் இறங்கினாலும் ஒன்பது வருடத்துக்கும் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

பத்து மணிக்குக் கதவைத் திறந்தவளுக்கு உயிரே போய்விட்டது.

பால் மாதிரி வெள்ளை. பூச்சுக்கறை இல்லை, கொத்தனாரின் கைத்தடம் இல்லை, மூலையில் இருந்த விரிசல்கூட இல்லை. பெயிண்ட் வாசனை குப்பென்று அடித்தது.

"எப்படி?" என்றார் பின்னாலேயே வந்த இயக்குநர், பெருமை தாங்காமல். "பெரியவங்க வர்ற இடமாச்சேன்னு நேத்து சாயங்காலம் ஆளை வெச்சு அடிச்சுட்டேன்."

"சார்... என் கறையெல்லாம் போச்சே சார்!"

இயக்குநருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தசமம் அதற்குள் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டான். தசமம் என்பது அவளோடு வேலை செய்கிறவனின் பட்டப்பெயர்; எதையும் புள்ளி வைத்துத்தான் சொல்வான். "ஆறு புள்ளி மூணு சென்டிமீட்டர் நடக்குதுக்கா" என்றான்.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாமா போய்விட்டது? ஜன்னல் மூலை அங்கேயேதான் இருந்தது. தண்ணீர்க்குழாயின் வாய் இருந்தது. தரையில் வடிகால் ஓட்டை இருந்தது.

"தசமம்! அந்த மூணும் பழைய படத்துலயும் இருக்கு. அதை வெச்சுக் கோட்டை மறுபடி உக்கார வை. அது நகராம நிக்கப் பிடிமானம் நான் தர்றேன்!"

துளைக்கருவியோடு வந்து நின்ற பிளம்பரின் காதில் செருகியிருந்த பென்சிலை வெடுக்கென்று உருவி, புத்தம்புதுச் சுவரில் பெரிதாக ஒரு பூனையை வரைந்தாள்.

"ஐயோ!" என்றார் இயக்குநர்.

"நீங்களும் வாங்க சார். வெள்ளை அடிச்சவர் நீங்கதானே? பேனாவை எடுங்க!"

ஐந்தே நிமிடத்தில் அந்தக் கழுவறை ஒன்றாம் வகுப்பாகிவிட்டது. அவள் மரம், மீன், மீசை என்று கைக்கு வந்ததையெல்லாம் இழுத்தாள். தசமம் ஒரு கையால் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டே மறு கையால் கோடு கோடாய்க் கிழித்தான். இயக்குநர் ஒரு மூலையில் அழகான வட்டங்களை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், ஒரே மாதிரி போடாதீங்க! எது எதுன்னு கண்ணாடி குழம்பிடும். அசிங்கமா போடுங்க!"

"அசிங்கமா எனக்கு வராதும்மா."

"இடது கையால போடுங்க!"

வாசலில் மூன்று நிபுணர்களும் வந்து நின்றது யாருக்கும் தெரியவில்லை.

பிளம்பர் இருபத்தாறு வருட அனுபவக்காரர். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் கேட்டுக் குழாயைக் கண்டுபிடிக்கிறவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நீலக் கோட்டில் படாமல் மூன்று துளைகளைச் சிரமமில்லாமல் போட்டுவிட்டார். நான்காவது இடத்தில் நின்றார். தட்டினார். மறுபடி தட்டினார்.

"இங்க வேணாம்மா. குழாய் நேரா இதுக்குள்ளதான் போகுது. சத்தம் சொல்லுது."

"கண்ணாடி என்ன சொல்லுதுண்ணே?"

"ஒரு சாண் இடப்பக்கம் வளைஞ்சு போகுதுங்குது. இருபத்தாறு வருஷமா என் கை சொன்னது தப்பினதில்லம்மா."

"தலையை ஆட்டிப் பாருங்க. கோடு நடக்குதா?"

அவர் தலையை ஆட்டினார், குனிந்தார், எட்டிப் பார்த்தார். "இல்ல. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

"அப்போ போடுங்க!" சொல்லிவிட்டு அவள் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள். தசமம் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான், தண்ணீர் பீய்ச்சினால் அதுவாவது பிழைக்கட்டும் என்று.

துளைக்கருவி அலறியது. முதலில் வெள்ளைத் தூள், பிறகு சாம்பல் தூள், பிறகு செங்கல்லின் சிவப்புத் தூள். அவள் அந்தத் தூளையே பார்த்தாள். உலர்ந்த தூள்! கருவி முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை.

பிளம்பர் துளைக்கருவியைக் கீழே வைத்தார். உளியை எடுத்து, ஒரு சாண் இடப்பக்கம், நீலக் கோடு போகிற இடத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பூச்சு உதிர்ந்தது. உள்ளே, சமர்த்தாக வளைந்து போய்க்கொண்டிருந்தது குழாய்.

"அட சண்டாளி!" என்றார். குழாயைச் சொன்னாரா அவளைச் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. தசமம் "பூஜ்யம் புள்ளி நாலு சென்டிமீட்டர்தான் பிசகுக்கா!" என்று கத்திக்கொண்டே குதித்தான். நிபுணர்களில் ஒருவர் தம்மையறியாமல் கைதட்டினார். அவள் சிரித்தாள், கண் துடைத்தாள், மறுபடி சிரித்தாள்.

"வேலை தொடரலாம்" என்று மூத்த நிபுணர் சொல்லிக்கொண்டிருந்தபோது பிளம்பரைக் காணோம். பக்கத்துக் கழுவறையில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றவே இல்லை. பென்சிலை மீட்டுக்கொண்டு, அங்கிருந்த பளபளப்பான வெள்ளைச் சுவரில் பெரிதாக ஒரு பூனைக்கு மீசை போட்டுக்கொண்டிருந்தார்.

"அதுலயுமா?" என்றார் இயக்குநர் ஈனக் குரலில்.

"சும்மா நிக்காதீங்க சார்" என்றார் பிளம்பர். "இடது கையை எடுங்க."