ஆனைக்குட்டத்தில் நின்றது கொக்கா?

சிவகாசியில் பறவை பார்க்கிறவன் என்று சொன்னால் ஜனங்கள் ஏற இறங்கப் பார்ப்பார்கள். எங்கள் ஊர் வானத்தில் பறப்பதெல்லாம் நாங்கள் விட்டதுதான் என்பது அவர்கள் எண்ணம். அதனால் நானும் அண்ணாச்சியும் பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய காரில் தூத்துக்குடிக்குப் போய்விடுவோம். நான் அச்சகத்தில் பட்டாசு லேபிள் அடிக்கிறவன். அண்ணாச்சி விஸ்வநத்தம் பக்கம் சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறவர்.

பனிக்காலத்தைக் கழிக்க வந்த பறவைகள் வடக்கே திரும்புமுன் உப்பளங்களில் கடைசியாகத் தின்று கொழுக்கிற நாட்கள் அவை. கரையோர ஊர்களில் ஆங்காங்கே பைனாகுலரோடு ஆட்கள் நிற்பார்கள். யார் எதைப் பார்த்தாலும் எங்கள் பறவைக் குழுத் தலைவருக்குத் தகவல் போகும். அவர் சாயங்காலம் எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்புவார். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். கப்பலையே சந்தேகப்பட்டு உள்ளே விட்ட மனிதர், பறவையைச் சும்மா விடுவாரா? அவர் நம்பாத பறவை எஸ்.எம்.எஸ்ஸில் ஏறாது.

அந்தக் கூட்டத்தில் அண்ணாச்சிக்கு வெடிக்காரர் என்று பெயர். "வெடிக்காரர் வந்துட்டாரு, பறவையெல்லாம் பத்திரம்" என்று யாராவது சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணாச்சியும் சிரிப்பார். திரும்பும்போது எட்டயபுரம் தாண்டும்வரை பேசமாட்டார்.

ஒரு பங்குனியில் ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் வற்றிக் கணுக்கால் அளவுக்கு வந்திருந்தது. அந்த வழியாகப் போன அண்ணாச்சி எனக்குப் போன் செய்தார்.

"ஏலே, பூநாரைலே! நம்ம ஆனைக்குட்டத்துல! ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கூட்டமே நிக்குது."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பூநாரைதான். நடு அணையில், கரைக்கு வெகு தூரத்தில், வெளிறிப்போய் நின்றன. உப்பளத்துக்கு வருகிற பறவை எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. அண்ணாச்சி உடனே தலைவருக்குச் செய்தி அனுப்பினார். "கொக்காக இருக்கும்" என்று பதில் வந்தது.

அண்ணாச்சி போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, கூரியரில் அனுப்பினார். அதில் தண்ணீர் இருந்தது, வானம் இருந்தது, நடுவில் சிந்திய அரிசி மாதிரி கொஞ்சம் வெள்ளை இருந்தது. "இதுவும் கொக்குதான்" என்றார் தலைவர். ஆர்டர் கேன்சலானால்கூட அலட்டிக்கொள்ளாத அண்ணாச்சிக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

"நான் வெடி விக்கிறவன்தான். அதுக்காகப் பொய் சொல்லுறவனா?" என்று என்னிடம் கேட்டார். பிறகு தலைவருக்கே போன் போட்டார். "நீங்களே வந்து பாருங்க. அது கொக்குன்னா இனிமே நான் உங்க பக்கம் தலைவச்சுப் படுக்கல."

அடுத்த ஞாயிறு ஒரு வேன் நிறைய ஆட்கள் வருவதாக முடிவானது. அண்ணாச்சி தன் கம்பெனி போர்மேனைக் கூப்பிட்டு, "பெரிய ஆளுக வராக. ஒரு கொறையும் இருக்கக்கூடாது" என்று மட்டும் சொன்னார். காபி, வடை, சாமியானா எல்லாம் காலையிலேயே அணைக்கரைக்கு வந்துவிட்டன. கரை நெடுகச் சரவெடி விரித்திருந்ததையும் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அண்ணாச்சி அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தார். எங்களுக்கு அது வாசலில் கிடக்கிற கால்மிதி மாதிரி. மாப்பிள்ளை வந்தாலும் கட்சிக்காரர் வந்தாலும் எங்கள் ஊரில் முதலில் வெடி, பிறகுதான் "வாங்க". பறவை பார்க்க வருகிறவர்களுக்கு அது ஆகாது என்று அங்கே நின்ற ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை. என் மண்டையும் அதில் சேர்த்திதான்.

வேன் வந்து நின்றது. பூநாரைகள் தலையைக் கவிழ்த்து நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. தலைவர் இறங்கினார். பைனாகுலர் உறையைத் திறந்தார். போர்மேன் பற்ற வைத்தார்.

அணையே அதிர்ந்தது. தூத்துக்குடிக்காரர்கள் காதைப் பொத்தி, கண்ணை இறுக மூடி, வேனுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். தலைவர் தரையோடு தரையாகப் படுத்துவிட்டார். வெடிக்குக் கண்ணை மூடுகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம். பூநாரைகள் தண்ணீரில் ஓடி, எம்பி, ஒட்டுமொத்தமாக எழுந்தன. நிற்கும்போது வெளிறிக் கிடந்தவை சிறகை விரித்ததும் அப்படி ஒரு சிவப்பு, ஓரமெல்லாம் கறுப்பு. லேபிளுக்கு எத்தனையோ சிவப்பு அடித்திருக்கிறேன், அது ஒருநாளும் என் மெஷினில் வந்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. புகை கலைந்து தலைவர் கண்ணைத் திறந்தபோது அணையில் தண்ணீர் மட்டும் இருந்தது.

"சத்தம் பத்தலியா மொதலாளி? இன்னொரு சரம் இருக்கு" என்றார் போர்மேன்.

அண்ணாச்சி அவரைத் திட்டக்கூட இல்லை. தலைவரைத் தூக்கி நிறுத்தி, சட்டை மண்ணைத் தட்டிவிட்டு, கையில் காபியைக் கொடுத்தார்.

"நான் பாக்கலியே! பாக்காததை எப்படி அனுப்புறது?" என்று கத்தினார் தலைவர். அவருக்குக் காது அடைத்திருந்தது.

"அனுப்ப வேண்டாம்!" என்று அண்ணாச்சியும் கத்தினார்.

மற்றவர்கள் வேனில் ஏறிவிட்டார்கள். தலைவர் ஏறாமல் நின்றார். காதடைப்பு விட்டதும், "செறகு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அண்ணாச்சி இரண்டு கையையும் விரித்துச் சொன்னார். நீட்டிய கழுத்து, பின்னால் நீண்ட கால்கள், அந்தச் சிவப்பு, எதையும் விடவில்லை. தலைவர் காபியை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் எஸ்.எம்.எஸ். வந்தது. ஊர் ஊராகப் பறவைகள் இருந்தன, ஆனைக்குட்டம் இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராக அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் அடுத்த வாரம் தூத்துக்குடி போவதற்குக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுக்குப் பொறவும் அங்கன போகணுமா அண்ணாச்சி?" என்றேன்.

"நீ எஸ்.எம்.எஸ்ஸத்தான்லே பாத்த. நான் தலைவரு மூஞ்சியப் பாத்தேன். வயிறு எரிஞ்சு போயி நின்னாக. கொக்குக்கு எவனாவது வயிறெரிவானாலே?"