மாறின எழுத்து

கரமனையில் எங்கள் வீட்டில் ‘மாறிடுத்து’ என்று இப்போது யாரும் சொல்வதில்லை. மலையாளத்தோடு புழங்கிப் புழங்கி, இந்த ஊரில் நோய் குணமாவதற்கும் அதே சொல்தான். காய்ச்சல் மாறிடுத்தா என்றால் விட்டுவிட்டதா என்று அர்த்தம்.

அக்காவுக்கு மார்பில் புற்று வந்தபோது, அந்த நோயோடு தொடர்புடைய ஒரு மரபணுவை அவள் ரத்தத்தில் எழுத்தெழுத்தாகப் படித்து, ஆய்விதழில் நோயில்லாதவர்களுடையது என்று வெளியாகியிருந்த வரிசையோடு ஒப்பிட்டார்கள். நான் மரபணு ஆய்வுக்கூடத்தில் இருப்பவள். வீட்டில் விளக்குவது என் தலையில் விழுந்தது.

“ஒரு எழுத்து மாறியிருக்கும்மா.”

“மாறிடுத்தா?” அம்மா கைகூப்பினாள். “பழவங்காடியில தேங்கா உடைக்கறேன்னு வேண்டிண்டிருந்தேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சிரித்துவிட்டாள். “உடைக்கட்டும், விடுடி. பிள்ளையாராவது சந்தோஷமா இருக்கட்டும்.”

அந்த மழைக்காலத்திலேயே அக்கா போய்விட்டாள்.

அவள் பெண்ணுக்கும் அதே எழுத்து இருந்தது. நோய் வருமுன் மார்பை எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். கல்யாணமாகாத பெண், சரி என்று தலையாட்டிவிட்டாள். நாளும் குறித்தாயிற்று. எனக்கு மனம் ஆறவில்லை. அச்சில் வந்துவிட்டால் வேதவாக்கா? வெளியான வரிசையை முதலிலிருந்து நானே சரிபார்க்க உட்கார்ந்தேன்.

என் ரத்தத்தில் பார்த்தேன். அதே எழுத்து. விழிஞ்ஞத்திலிருந்து வேலைக்கு வரும், எங்களோடு ரத்த உறவில்லாத தோழியிடம் கேட்டு அவளுடையதையும் பார்த்தேன். அவளுக்கும் அதேதான், அவள் வீட்டில் இந்த நோய் யாருக்கும் வந்ததில்லை. நோயில்லாதவர்களின் மாதிரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் அக்காவின் எழுத்து. பிழை அச்சில் இருந்தது.

உடனே அக்கா பெண்ணுக்குப் போன் போட்டேன். அவசரத்தில், “அந்த எழுத்து மாறவே இல்லைடி” என்றேன்.

“மாறலையா சித்தி?” என்றாள் மெதுவாக.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். “ஐயோ, அப்படியில்லைடி. அது எல்லாருக்கும் இருக்கற எழுத்து. அவாதான் தப்பாப் போட்டிருக்கா. ஆபரேஷன் இப்போ வேண்டாம், டாக்டர்கிட்ட நான் பேசறேன்.”

அவள் அழுதாள். நானும் அழுதேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கேட்டாள்: “அப்போ அம்மாவுக்கு எதனால வந்தது சித்தி?”

அதுவரை அந்த எழுத்தின் மேல் பழியைப் போட்டு மனத்தைத் தேற்றி வைத்திருந்தேன். இப்போது திரையில் அந்த இடம் வரும்போதெல்லாம் அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். “மாறிடுத்தாடி?” என்று கேட்கிறாள்.