பூசை அறையிலிருந்து எடுத்துச் சென்ற துடிப்பு

நஞ்சைக் கண்டத்தில் நிறுத்தி உலகை வாழவைத்த பெருமானின் தாளிணை போற்றி எழுதுகிறேன்.

அது மாசி மாதத்துச் சோமவாரம். திகனப் பக்கம் கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்து, கண்டியில் ஊரடங்கு விதித்திருந்த நாள். எங்கள் ஒழுங்கையில் நண்பகலிலேயே மின்சாரம் நின்றுவிட்டது.

பின்வேலிக்கு அப்பால் ஒரு முஸ்லிம் வியாபாரியின் வீடு. அவர் மனைவிக்கு நுரையீரல் நோய். ஒக்சிசன் இயந்திரமின்றி அவரால் இருக்க முடியாது. மின்தடைக்கென அவர்களுக்குப் பற்றரியில் ஓடும் ஓர் இன்வேட்டரை நான்தான் செய்து கொடுத்திருந்தேன். மின்னணுவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற பெருமை எனக்கு உண்டு. பிற்பகல் மூன்று மணியளவில் வியாபாரி வேலியருகே வந்து அழைத்தார்.

"சேர், இன்வேட்டர் பெட்டி நிண்டுட்டு. சின்ன சிலிண்டர்ல போட்டிரிக்கம். அரை மணித்தியாலம்தான் காணும். அம்புலன்ஸ் றோட்டால வர ஏலாதாம்."

போய்ப் பார்த்தேன். பற்றரியில் பாதி மின் இருந்தது. அதைக் காக்கவென நான் எழுதிய நிரலே முன்கூட்டி மின்னை வெட்டியிருந்தது. நிரல் தங்கியுள்ள சிறு சில்லை, அந்த மைக்ரோசிப்பை, கழற்ற வேண்டியதில்லை. பலகையில் இருந்தபடியே, லெப்டொப்பின் யூஎஸ்பி வழியாகத் திருத்தி எழுதலாம். ஐந்து நிமிட வேலை.

பிரதான வீதியில் கூச்சல் எழுந்தது. என் விரல்கள் அவசரப்பட்டன. நிரலோடு சேர்த்து, சில்லைப் படிப்படியாக இயக்கும் கடிகாரத் துடிப்பின் அமைப்பையும் தவறாக மாற்றிவிட்டேன். அது தனக்குள் இருந்த துடிப்பைக் கைவிட்டு, வெளியிலிருந்து ஒரு துடிப்பு வருமெனக் காத்திருக்கத் தொடங்கியது. அப்படி வர ஏதுமில்லை. கணினி கேட்ட எதற்கும் அது மறுமொழி தரவில்லை.

"நான் பிழை விட்டிட்டன்" என்றேன். சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது.

"பிழைய பொறகு பேசுவம் சேர். இப்ப என்ன வேணும்?"

வேண்டிய துடிப்பு என் பூசை அறையில் இருந்தது. அந்திப் பூசைக்குத் தானாக மணி அடிக்க நான் செய்து வைத்த பெட்டியிலும் அதே வகைச் சில்லு, தனிப் பற்றரியில், ஓடிக்கொண்டிருந்தது. கால் கழுவாமல் அந்த அறைக்குள் நுழைந்தது அன்றுதான். பெட்டியைத் தூக்கி வந்து, அதன் துடிப்பை இரண்டு கம்பிகளால் இந்தச் சில்லுக்குக் கொடுத்தேன். மூன்றாம் முயற்சியில் கணினிக்கு மறுமொழி வந்தது. அமைப்பைத் திருத்தினேன். ஒக்சிசன் இயந்திரம் இரைந்தது. சிலிண்டரின் முள் அப்போது அடியில் கிடந்தது.

மின்சாரம் திரும்பும்வரை எழுந்து போக மனம் வரவில்லை. ஆறு மணிக்கு, அவர்கள் மேசையிலிருந்த என் பெட்டி தானாக மணி அடித்தது. மூவரும் திடுக்கிட்டோம். முகமூடியைச் சற்றே விலக்கி அந்த அம்மையார் சொன்னார்:

"சேர், உங்கட சாமி ஊடு மாறி வந்துட்டார் போல."

"ஓம், இண்டைக்கு அவருக்கு இஞ்சதான் வேலை" என்றேன்.

மனைவியின் மூச்சு என் பிழையில் தொங்கிய நேரத்திலும் என்னைக் கடிந்துகொள்ளாமல், என்ன வேண்டுமென்று மட்டும் கேட்ட அவரின் பொறுமையை, என் பூசை அறையில் அந்த மணி ஒலிக்கும் ஒவ்வோர் அந்தியிலும் சேர்த்தே வணங்குகிறேன்.

இதை வாசிக்கும் யாவரும் மூச்சுக்கு முட்டின்றி, நல்ல அயலோடு நெடிது வாழ்க.