களி சூடாகாத கம்ப்ரஸர்

குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் அடியில் இருக்கும் கம்ப்ரஸருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. இரண்டு இரும்புக் கிண்ணங்களை வாயோடு வாய் வைத்துச் சுற்றிலும் வெல்டிங் செய்ததுபோல் அது மூடியிருக்கும். அறுத்தால்தான் உள்ளே தெரியும். அறுத்த பிறகு அது ஓடாது. ஓசூரில் கம்ப்ரஸர் செய்யும் ஒரு தொழிற்சாலையில், சோதனைக்கூடத்தின் அறிக்கைகளை எழுதும் வேலையில் நான் இருந்தேன். அதற்கு முன்பு கிருஷ்ணகிரியில் ஒரு நாளிதழுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு எங்கள் கூடத்தில் எல்லோரும் ஒரே ஒரு சூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டியிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் வாயு குளிர்ச்சியாக வருகிறது. சிலிண்டருக்குள் நுழைவதற்குள் கொதிக்கும் மோட்டார், சத்தத்தை அடக்கும் இரும்பு மஃப்ளர் எல்லாவற்றையும் உரசிக்கொண்டு போவதால் சூடேறி விரிந்துவிடுகிறது. விரிந்த வாயு பிஸ்டனின் ஒவ்வொரு இழுப்பிலும் குறைவாகத்தான் உள்ளே போகும். மின்சாரம் செலவாகும் அளவுக்குக் குளிர்ச்சி கிடைக்காது.

எங்கள் பொறியாளர் சூளகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். தினமும் பஸ்ஸில் வருவார். வாயு வேறெதையும் தொடாமல் நேராக சிலிண்டருக்குப் போகும்படி பிளாஸ்டிக்கில் ஒரு மஃப்ளரை வடிவமைத்திருந்தார். வெளியே போகும் சூடான குழாய்க்கும் ஓர் உறை போட்டிருந்தார். இரண்டு ஆண்டு உழைப்பு. மேலாளர் கடைசியாக ஒரு சோதனைக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். அதில் மின்சாரம் குறையவில்லை என்றால் வேலையை மூடிவிட வேண்டும் என்பது பேச்சு.

அந்த மஃப்ளர் வைத்த புதிய கம்ப்ரஸர்கள் சிலவற்றை, தலையில் மார்க்கரால் எண் எழுதி, பழைய மாடல்களோடு சேர்த்து, நாள்கணக்கில் ஓட்டி ஆயுளைச் சோதிக்கும் லைஃப் டெஸ்ட் ரூமின் அலமாரியில் ஓடவிட்டார்கள். சில நாள் ஓடிப் பழகியபின் ஒன்றை எடுத்து, குளிர்ச்சியையும் மின்சாரச் செலவையும் அளக்கும் கலோரிமீட்டரில் வைத்து அளந்தார்கள். முடிவு வந்தது. பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசமே இல்லை.

பொறியாளர் அழவில்லை. திரையிலிருந்த எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"கொஞ்சம் குறைஞ்சிருந்தா சரி, கொஞ்சம் கூடியிருந்தாலும் சரி. ரெட்டப் புள்ளைங்க மாதிரி எப்படிங்க ஒண்ணா இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார். நான் 'மாற்றம் இல்லை' என்று அறிக்கையில் தட்டச்சு செய்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

லைஃப் டெஸ்ட் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. இரவும் பகலும் ஓடும் கம்ப்ரஸர்களின் தலை, கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். பதினொரு மணிவாக்கில் ஆளாளுக்குத் தங்கள் சாப்பாட்டு டப்பாவை ஒன்றின் மேல் வைத்துவிடுவார்கள். சாப்பாட்டு மணி அடிக்கும்போது சோறு சூடாக இருக்கும். விதிப்படி கூடாது. விதி எழுதியவரின் டப்பாவும் அங்கேதான் இருக்கும்.

எங்கள் டெக்னீசியன் தேன்கனிக்கோட்டைக்காரர். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், கோபத்தில் இரண்டும். களியும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டுவருவார். அவருக்கென்று மூலையில் ஒரு பழைய மாடல் கம்ப்ரஸர் இருந்தது. அன்று டப்பாவைத் திறந்தவர் முகம் சுளித்தார்.

"தூ! கல்லு மாதிரி கெடக்குது. நாலு நாளா இதே கதைதான். என் மெஷினு சாகப் போவுதும்மா, எடுத்துப் போட்ருங்க."

"சத்தம் ஏதாச்சும் வருதாண்ணா?" என்றார் பொறியாளர், தட்டைப் பார்த்தபடி.

"சத்தமெல்லாம் ஒண்ணுமில்ல, ஜம்முனு ஓடுது. சூடு மட்டும் ஏறல. களி திங்கறவன் வயித்துல அடிக்குது."

பொறியாளர் சாப்பாட்டை மூடிவிட்டு எழுந்தார். நேராக மூலைக்குப் போய் அந்தக் கம்ப்ரஸரின் தலையில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்ததைத் தொட்டார். உடனே கையை உதறினார்.

"அண்ணா, இதுமேல நம்பர் யார் எழுதினது?"

"நான்தான். டப்பா வெச்சு வெச்சு மார்க்கர் அழிஞ்சுபோச்சு. போன வாரம் எல்லாத்தையும் எறக்கித் தொடச்சு, புதுசா எழுதித் திரும்ப வெச்சேன்."

"எதைப் பார்த்து எழுதினீங்க?"

"எதைப் பார்க்கறது? எல்லாம் கறுப்பு உருண்டை. எது எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

டெக்னீசியன் இரண்டு உருண்டைகளையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். பிறகு அவரே மெதுவாக, "தெரியாது போலிருக்கே," என்றார். முதலில் சிரித்தவர் பொறியாளர்தான். நிறுத்த முடியாமல் அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மேலாளரிடம் போய், கலோரிமீட்டரில் அளந்த கம்ப்ரஸரை அறுத்துப் பார்க்க அனுமதி கேட்டோம். அவர் எங்களோடே வொர்க்‌ஷாப்புக்கு வந்தார். டெக்னீசியன் தானே அறுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். மூடி விலகியதும் எண்ணெய் வழிய வெளியே தெரிந்தது இரும்பு மஃப்ளர். பழைய மாடல். பழையதைப் பழையதோடு ஒப்பிட்டிருக்கிறோம்.

"ரெட்டப் புள்ளைங்கதான்," என்றேன்.

"ஆஸ்பத்திரியில புள்ளைய மாத்தினவனைப் பாருங்க," என்று மேலாளர் டெக்னீசியனைக் காட்டினார்.

"மாத்தினதும் நான்தான், கண்டுபுடிச்சதும் நான்தான் சார்," என்றார் அவர், ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே.

மூலையிலிருந்த கம்ப்ரஸரைக் கலோரிமீட்டருக்கு மாற்றினோம். அளவு நிலைபெறும்வரை அன்றைக்கு யாரும் டீ குடிக்கப் போகவில்லை. திரையில் மின்சார அளவு இறங்கி, பழைய மாடலின் கோட்டுக்கு நன்றாகக் கீழே போய் நின்றது. குளிர்ச்சி கூடியிருந்தது. வெளியேறும் வாயுவின் சூடு தணிந்திருந்தது. டெக்னீசியன் கன்னடத்தில் ஏதோ சொல்லிக் கை தட்டினார். நான் என் அறிக்கையில் 'மாற்றம் இல்லை' என்பதை அழித்தேன். நாளிதழில் இருந்த காலத்தில் ஒரு திருத்தத்தை இவ்வளவு சந்தோஷமாகப் போட்டதில்லை.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மறுபடியும் போட்டுத் திரையைப் பார்த்தார்.

"சரிம்மா. அடுத்த சுற்றுக்கு எத்தனை செஞ்சு தரச் சொல்லட்டும்?"

"ஐம்பது சார்."

"இருபது."

பொறியாளர் தக்காளி மண்டியில் அப்பாவின் பேரத்தைக் கேட்டு வளர்ந்தவர். "இருபதுக்குன்னா பிளாஸ்டிக் வார்க்கற அச்சு சூடாகறதுக்குள்ள வேலை முடிஞ்சுடும் சார். நாற்பத்தஞ்சு."

"முப்பது. அதுக்கு மேல கேக்காத."

"நாற்பதுன்னா இன்னிக்கே டிராயிங் தர்றேன்."

மேலாளர் எங்கள் முகங்களைப் பார்த்தார். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. "நாற்பது," என்றார். பொறியாளர் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு, டிராயிங்கைத் திறந்திருந்தார்.