உலைக்குள் இருந்த தகடு

அவர் பெயரை நான் கேட்கவே இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடம். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் ஒரு மொட்டைப் பென்சில். சிலிக்கான் தகட்டின்மேல் தலைமுடியைவிட மெல்லிய ஆக்சைடு படலம் பூசி, சின்ன மின்உலையில் சுடுவது அவர் வேலை.

“கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் பதிஞ்சத மறக்கக்கூடாது, தம்பி. அதுக்குத்தான் இது. ஒன்னு ஒழுங்கா வந்தா போதும்லா.”

ஒன்றும் வரவில்லை. ஈரக்காற்றில் படலம் வெடித்துவிடுமாம். வெடித்த ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, நோட்டில் ‘மழை’ என்று காரணம் எழுதுவாராம். புரட்டிக் காட்டினார், பக்கம் பக்கமாக மழைதான்.

நான் எதிர்க்கரையிலுள்ள பிறை ஊரிலிருந்து லாரியோடு போனதே அந்த உலையைக் கழற்றி எடுத்துவர. ஆய்வை நிறுத்திவிட்டார்கள், அவருக்கே அன்று காலைதான் சொன்னார்களாம்.

“உள்ள கடைசியா ஒன்னு இருக்கு. சாயங்காலம் வரைக்கும் மெதுவா ஆறணும். திறந்துடாதீங்க தம்பி” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

கீழே லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். சீக்கிரம் ஆறட்டுமே என்று உலைக்கதவைத் திறந்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தகட்டை இடுக்கியால் எடுத்து ஜன்னலருகே சாய்த்தார். குறுக்கும் நெடுக்கும் வெடிப்பு.

“சார், நான்தான்...”

அவர் பென்சிலை எடுத்து ‘மழை’ என்று எழுதி நோட்டை மூடினார்.

திட்டியிருக்கலாம். அந்த வாரம் முழுக்கப் பினாங்கில் ஒரு பொட்டு மழை இல்லை.