சப்டைட்டில் நின்ற பிறகு

டிசம்பரில் எங்கள் ஊரில் திரைப்பட விழா நடக்கும். ஸ்ரீவராகம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அதற்கென்றே லீவு போடுகிறவர்கள் நானும் என் நாத்தனாரும்தான். அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள். எந்தப் பெரிய வார்த்தையையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பாள். போன வருஷம் விழாவுக்கு வந்த ஒரு படத்தை எல்லோரும் மாஸ்டர்பீஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நாலு பேர் சேர்ந்து முடிவு பண்ணிடறா மன்னி. அப்புறம் பிடிக்கலேன்னு சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வராது" என்றாள், அதைப் பார்க்கப் போகும்போது ஆட்டோவில். எது மாஸ்டர்பீஸ் என்று என்னைக் கேட்டிருந்தாலும் முழித்திருப்பேன்.

கூட்டத்தில் முட்டி மோதி ஓரமாக இடம் பிடித்தோம். திரையில் பனி பெய்யும் ஏதோ மலைநாடு. குளிர் இறுகுவதற்குள் ஓர் ஆணும் பெண்ணும் ஒரு பழைய வீட்டின் பலகைக் கூரையைச் சரிசெய்கிறார்கள். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சப்டைட்டில் நின்றுவிட்டது. அந்த மொழி அரங்கில் யாருக்கும் தெரியாது. கூச்சல் கிளம்பியது. வழக்கமாக இப்படி ஆனால் படத்தை முதலிலிருந்து போடச் சொல்லி ரகளையே நடக்கும். அன்றைக்கு என்னவோ கூச்சல் தானாக அடங்கியது. பின்வரிசையிலிருந்து ஒருவர் மலையாளத்தில், "நிர்த்தண்டா, ஓடட்டே" என்றார். நிறுத்த வேண்டாம், ஓடட்டும் என்று அவர் சொன்னதை யாரும் எதிர்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. அரங்கம் மொத்தமும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது. பேச்சு புரியாததால் கைகளைப் பார்த்தோம். அவள் ஆணிகளை எடுத்துக் கொடுக்கிறாள், அவன் முகம் பார்க்காமல் வாங்குகிறான். இருவரும் ஒரே சுவரைப் பார்த்தபடி சாப்பிடுகிறார்கள். கடைசியில் அவள் பெட்டியோடு கிளம்பிப் போகிறாள். இன்னும் ஒரே ஒரு பலகைதான் பாக்கி. அதை அடிக்காமல் அவன் இறங்கி, ஏணியை மெல்லத் தரையில் சாய்த்து வைக்கிறான். விளக்கு எரிந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சொன்னது ஒரே கதைதான்: ஒரு கல்யாணம் முறிகிறது. நாத்தனார் என்னைவிட வேகமாகப் பேசினாள். "ஒரு தடவை ஆணியை அவன் கையிலே கொடுக்காம பலகை மேலே வெச்சாளே, அப்பவே நேக்குத் தெரிஞ்சுடுத்து, இது தேறாதுன்னு."

மறுநாள் காலை அதே படத்தை சப்டைட்டிலோடு மறுபடி போட்டார்கள். நாங்கள் ஓடினோம். முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது. அவர்கள் கணவன் மனைவி இல்லை, அண்ணனும் தங்கையும். பெற்றோர் இறந்த பிறகு விற்பதற்காக வீட்டைச் சரிசெய்கிறார்கள். அப்படியானால் நேற்று எதற்காகக் கலங்கினோம்? படம் இப்போது சரிந்துவிழும் என்று பயந்தேன். அது சரியவில்லை. அதே கைகள், அதே ஆணிகள். இப்போது, சின்ன வயதில் அந்தக் கூரைக்குக் கீழே படுத்துத் தூங்கிய இரண்டு குழந்தைகளாகவும் அவர்கள் தெரிந்தார்கள். நேற்றைய துக்கமும் பொய்யாகிவிடாமல் அடியில் அப்படியே கிடந்தது. ஏணியைச் சாய்க்கும் இடத்தில் நாத்தனார் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். முந்தைய நாள் அவள் அழவில்லை.

வீடு திரும்பும் வழியில் பழவங்காடி வரும்வரை நான் மூச்சு விடாமல் பேசினேன். நேற்று முழுக்கத் தப்பாகப் புரிந்துகொண்டோம், அப்போதும் படம் நம்மை விடவில்லை. இன்றைக்குச் சரியாகப் புரிந்தது, கொடுக்க அதனிடம் இன்னும் இருந்தது. சுமாரான படமாக இருந்தால் ஒரு வசனத்தை உருவினாலே உட்கார்ந்துவிடும். இப்படி என்னென்னவோ சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணாவை அழைச்சிண்டு வரணும்" என்று மட்டும் சொன்னாள்.

அவளுடைய அண்ணா என் கணவர். படத்தின் பெயர் போடுவதற்குள் தூங்கிவிடுகிறவர். ஆபீஸில் ஆடிட் என்று என்னிடம் தட்டிக்கழித்தார். அவளே போன் செய்தாள். என்ன சொன்னாளோ, விழாவில் அதே படத்தைக் கடைசித் தடவை போட்டபோது வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார். பாதியில் திரும்பிப் பார்த்தேன். முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அண்ணனும் தங்கையும் முன்னால் நடந்தார்கள். அவர் காற்றில் கையை வீசி, கூரையில் பலகைமேல் பலகை எப்படி ஏற வேண்டும் என்று காட்டினார். இல்லவே இல்லை என்று அவள் தலையாட்டினாள். அடுத்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன்.