மேவிஸ் பிராடக் மறந்த ஈரடி

மேவிஸ் பிராடக்கை நீங்கள் திரையில் பார்த்திருக்கலாம். முகத்தை அல்ல, தேநீர்த் தட்டைப் பிடித்த கையை. ஒன்பது படங்களில் அந்தக் கை வந்திருக்கிறது. "கதாநாயகிக்கு முகம் ராசி, எனக்குக் கை ராசி" என்பாள், கேட்பவர் சிரிக்குமுன் தானே சிரித்துவிட்டு. மேடையில் மட்டும் முழு ஆளாக வருவாள்: வேலைக்காரி, செவிலி, இரண்டாம் காட்சியிலேயே கொலையாகும் அத்தை.

ஐம்பத்தெட்டு வயதில், இங்கிலாந்தின் ஓல்டம் நகரத்தில் பிள்ளைகளுக்காகப் போடும் கிறிஸ்துமஸ் கூத்தில் தேவதை வேஷம் கிடைத்தது. நாடகத்தை முடித்துவைக்கும் ஈரடிப் பாட்டு தேவதைக்குத்தான். பயமும் அதில்தான். போன கோடையில் ஒருநாள் மேடையில் வசனம் மறந்து திருதிருவென்று விழித்திருந்தாள். முதலாளி கிராப்பர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை மறந்தீங்கன்னா மேவிஸ், வீட்டுல உக்காந்து ஸ்வெட்டர் பின்ன வேண்டியதுதான்." அவளுக்குப் பின்னவும் தெரியாது.

கூத்துக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்தக் கடைசி ஈரடியை ஒத்திகையில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது; சொன்னால் நாடகம் ஊத்திக்கொள்ளும். அந்த இடம் வந்ததும் மேவிஸ் மந்திரக்கோலை ஆட்டி "லாலலா" என்று முடித்துவிடுவாள். சாஸ்திரம் பார்க்கிறேன் என்று வீட்டுக் குளியலறையில்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை. சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு கௌரவமான பெயர் வேறெந்தத் தொழிலில் கிடைக்கும்?

முதல் நாள். கொட்டகை நிறையப் பிள்ளைகள். ராஜகுமாரிக்குக் கல்யாணம் முடிந்ததும் மேவிஸ் முன்னால் வந்து கோலை உயர்த்தினாள். ஒன்றும் வரவில்லை. ஓரத்தில் வசனப் புத்தகத்தோடு அடியெடுத்துக் கொடுக்க உட்கார்ந்திருந்த ஹில்டாவைப் பார்த்தாள்.

"என்னை ஏன்டி பாக்கறே?" என்று கிசுகிசுத்தாள் ஹில்டா. "அபசகுனம்னு அந்த வரிய மை பூசி அழிச்சுட்டேன்!"

மாற்றாந்தாய் வேஷத்தில் பாவாடையோடு நின்ற ஃபிரெட் பல்லைக் கடித்தான். "எதையாவது சொல்லித் தொலை, இடுப்புக் கச்சை உயிர எடுக்குது."

மேவிஸுக்குக் கண்ணீர் முட்டியது. சமாளிக்கத் தெம்பில்லை. "கண்ணுங்களா, எனக்கு வசனம் மறந்து போச்சு" என்றாள்.

மேடையில் எதைச் சொன்னாலும் மறுத்துக் கத்துவது அந்தக் கூத்தில் பிள்ளைகளின் உரிமை. "இல்லவே இல்லை!" என்று கொட்டகை அதிர்ந்தது.

"நெஜமாத்தான், மறந்துட்டேன்!"

"இல்லவே இல்லை!"

"ஐயோ, சத்தியமா!"

அவள் அழ அழ அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரை இறங்கியது.

கிராப்பர் ஓடிவந்தபோது மேவிஸ் இறக்கைகளைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். "என்ன நடிப்பு மேவிஸ்! தினமும் இதையே செய்யுங்க. அடுத்த வருஷமும் தேவதை நீங்கதான்." அவர் தோளிலேயே சாய்ந்து அழுதாள். பிழைப்பு போகவில்லை என்ற நிம்மதி.

மறுநாளிலிருந்து அந்த ஈரடி மனசில் அட்டைபோல் ஒட்டிக்கொண்டது. என்ன செய்தும் மறக்கவில்லை. தொழிலுக்கு வந்து இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அவள் நடிக்க வேண்டியதாயிற்று.

வாரக் கடைசியில் உள்ளூர்ப் பத்திரிகையின் விமர்சகர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் எழுதியதை ஃபிரெட் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தான்: "மேவிஸ் பிராடக்கின் தேவதை நன்று. ஆனால் வசனத்தை மறப்பதுபோல் நடிக்கும் இடத்தில் மட்டும் இயல்பு போதவில்லை."

"படுபாவி" என்றாள் மேவிஸ். "மொத நாளே வந்து தொலைச்சிருக்கக் கூடாதா?"